கூரைக்குக் கங்காணி யார்?

தோட்டத்து லயத்தில் கூரை ஒழுகினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காலையில் பிரட்டுக்குப் போகும்போது மண்டோரிடம் சொல்வது. மண்டோர் கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். துரைக்கு மனம் வந்தால் தோட்டத்துத் தச்சர் ஏணியும் ஆணிப் பொட்டலமுமாக வந்து நிற்பார். வராவிட்டால் ஒழுகுமிடத்தில் ஒரு வாளி. எப்படியானாலும் கூரை கம்பெனியுடையது. அதன் கீழே படுத்துறங்குவது மட்டும்தான் குடும்பத்தின் பாத்தியதை.

மலாக்கா மாநிலத்தில் இந்த ஏற்பாடு மூன்று நான்கு தலைமுறைகளுக்கு நீடித்தது. 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டுப் பார்த்தார். கன்று பிடித்துக்கொண்டதும் புக்கிட் அசாகானில் பெருந்தோட்டமாக விரித்தார். மலாயாவின் வணிக ரப்பர் அங்கேதான் வேர்விட்டது. அதன் பிறகு அலோர் காஜா, ஜாசின் மாவட்டங்களில் தோட்டங்கள் பெருகின. பால் வெட்டக் கடல் கடந்து வந்த தமிழர்களுக்கு வரிசை வரிசையாக லயங்கள் எழுந்தன. காடேக், சுங்கை பாரு, கெமெண்டோர், டைமண்ட் ஜூப்ளி, ஜாசின் லாலாங் என்று அந்தத் தோட்டங்களின் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் இன்றும் காணலாம்.

தொடக்கத்தில் லயத்தின் மேலே இருந்தது அத்தாப்பு. ஆற்று முகத்துவாரங்களில் வளரும் நீப்பா மட்டையின் ஓலையைக் குச்சியில் மடித்துத் தைத்து அடுக்குவார்கள். தஞ்சையிலும் திருச்சியிலும் கீற்று முடைந்து வளர்ந்த கைகளுக்கு இது அந்நியமான வேலையே அல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தீப்பிடிக்கும், பூச்சி அடையும். ஆனால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். பிறகு தகரம் வந்தது. தீப்பயம் குறைந்தது, நடுப்பகலில் வீடு கொதித்தது, மழை பெய்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது. அதற்கும் பிறகு பல குடியிருப்புகளில் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் ஏறின. சட்டமும் பின்னால் வந்தது. தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமும், வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பதை முதலாளியின் பொறுப்பாகவே எழுதின.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, பல தோட்டங்கள் தாமான்களாக மாறின. மஸ்ஜித் தானா, டுரியான் துங்கல், மெர்லிமாவ், ஜாசின், குருபோங், பத்து பெரண்டாம் என்று சிதறிய குடும்பங்கள் சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்துச் சொந்த வீடு வாங்கின. தரைக்கு மொசைக், சமையலறைக்கு அலமாரி, வாசலுக்கு இரும்புக் கேட், சாமிக்குத் தனி அறை என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். கூரையை மட்டும் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சீலிங்கில் பழுப்பாக ஒரு வட்டம் விழும்வரை அது இன்னும் கம்பெனிக் கூரைதான்.

முதல் வீடு வாங்குகிறவர் கூரைக்குத் தர வேண்டியதில் பெரும்பங்கு பணமல்ல, கவனம். ஆண்டுக்கு இரண்டு முறை பார்ப்பது, எங்கே பார்ப்பது என்று தெரிந்துவைப்பது, கெட்டுப்போனால் அந்த நேரத்தில் யார் பொறுப்பு என்று அறிந்துகொள்வது. கூரைச் சாயம், ரசாயனப் பூச்சு என்று விளம்பரங்கள் விற்பவை எல்லாம் இதற்கு அடுத்த வரிசைதான்.

பொறுப்பிலிருந்தே தொடங்கலாம். மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாகப் புது வீடு வாங்கியவருக்கு முதல் 24 மாதங்கள் கூரை முழுக்கத் தன் தலையில் விழுந்ததல்ல. வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் விற்பனை ஒப்பந்தத்தில், சாவி கையளிக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்கள் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று இருக்கிறது. கட்டுமானக் குறையாலோ மட்டமான பொருளாலோ கூரை ஒழுகினால், எழுத்துமூலம் அறிவித்த 30 நாட்களுக்குள் மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். வாய்மொழியும் வாட்சாப் குரல்பதிவும் போதாது. கடிதம், தேதி, புகைப்படம், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை ஆகியவை வேண்டும். விலையில் 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் பிணையாகக் கிடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பாதி 8 மாதம் கழித்தும் மீதி 24 மாதம் கழித்தும்தான் மேம்பாட்டாளர் கைக்குப் போகும். அவர் அசையாவிட்டால், செலவு மதிப்பீட்டைத் தெரிவித்து ஒப்பந்தம் சொல்லும் அவகாசமும் கொடுத்த பின், வீட்டுக்காரரே பழுதுபார்த்து அந்தப் பணத்திலிருந்து ஈடு கோரலாம்.

அதற்கும் வழியில்லை என்றால் 2002இல் அமைந்த வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 10 வெள்ளி, கோரிக்கை வரம்பு 50,000 வெள்ளி. வழக்கறிஞர் வைக்காமல் நேரில் பேசுவதற்கென்றே அமைந்த மன்றம். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்து 12 மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். எனவே சாவி வாங்கிய நாளை நாட்காட்டியில் குறித்து, 23ஆம் மாதத்தில் ஒருமுறை கூரையை முழுக்கச் சோதிப்பது புத்திசாலித்தனம். மழையில்லாத வாரத்தில் வீட்டைப் பெற்றுக்கொண்டு எல்லாம் சரி என்று கையெழுத்திட்டவர்களுக்கும் அந்த 24 மாதம் உண்டு. சாவி வாங்கிய அன்று பட்டியலில் எழுதவில்லை என்பதால் உரிமை போய்விடாது. பழைய வீட்டை ஒருவரிடமிருந்து வாங்கினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. விலை பேசும் முன் சீலிங்குக்கு மேல் ஏறிப் பார்ப்பது ஒன்றே கதி.

சரி, கூரையோடு மோதுவது எது? மலாக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. கிழக்குக்கரையோடு ஒப்பிட்டால் குறைவு. ஆனால் கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 80 சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு மாடியற்ற வரிசை வீட்டில், 50 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே மாலையில் 4,000 லிட்டர் இறங்குகிறது. ஆண்டுக்கு 1,60,000 லிட்டர். இத்தனையும் ஒரு விரற்கடை இடைவெளியைத் தேடிக்கொண்டே ஓடுகிறது.

காற்று இன்னொரு பக்கம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் சுமத்திராவில் உருவாகும் இடிமழைக் கோடு நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் மேற்குக்கரையில் ஏறும். சுமத்திரா காற்று என்று இங்குள்ளவர்கள் சொல்வது இதைத்தான். ஓரிரு மணி நேரந்தான் இருக்கும். ஆனால் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். சுமத்திரா காற்று பிய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும். காற்று கூரையைக் கீழ்நோக்கி அமுக்குவதைவிட மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். அந்த உறிஞ்சல் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் கடுமையாக இருக்கும். கார் நிறுத்தப் போட்ட தகரப் பந்தலுக்கு அடியிலிருந்தும் காற்று முட்டும் என்பதால் வீட்டுக் கூரைக்கு முன்னால் அதுதான் பறக்கிறது.

மழையைச் சமாளிக்கும் பழைய விடை சரிவு. மலாக்கா நகரத்தின் துக்காங் எமாஸ் சாலைக்குப் போனால் 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசலைப் பார்க்கலாம். அதன் மூன்றடுக்குச் செங்குத்துக் கூரையில் தண்ணீர் நிற்க நேரமே கிடையாது. அதே தெருவில் மலாக்கா செட்டிகள் 1781இல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும் இருக்கிறது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வழிபாட்டில் இருக்கும் கட்டடங்களுக்குக் கூரை வேலை ஒருமுறை செய்து முடிப்பதல்ல. ஓடு மாற்றுவதும் மரம் மாற்றுவதும் தொடர்ந்து நடப்பது. வரிசை வீட்டுக் கூரையின் சரிவு இவற்றைவிடக் குறைவு. சரிவு குறையக் குறைய, தண்ணீர் ஓட்டுக்கு அடியில் பின்வாங்கி ஏறும் வாய்ப்புக் கூடும்.

இந்த விஷயத்தில் பெரும்பாலோர் நினைப்பதற்கு மாறான உண்மை ஒன்று உண்டு. ஓடு ஒழுகுவது அபூர்வம். சிமெண்டு ஓடோ களிமண் ஓடோ உடையாதவரை பல பத்தாண்டுகள் உழைக்கும். ஒழுகுவது ஓடு வேறொன்றைச் சந்திக்கிற இடம். இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தில் பதித்த தகரக் கால்வாய் துருப்பிடித்திருக்கும், அல்லது இலை அடைத்திருக்கும். முகட்டோட்டுக்கு அடியில் பூசிய சிமெண்டு வெயிலிலும் மழையிலும் வெடித்திருக்கும். கூரை சுவரில் முட்டும் இடத்தில் ஒட்டிய தகரப் பட்டை பிரிந்திருக்கும்.

மூன்றாவது வகை தாமான்களில் நாளுக்கு நாள் பெருகுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மேல்மாடி எடுக்கிறார். அவருடைய புதுச்சுவர் இந்த வீட்டுக் கூரையின் மேலேயே எழுகிறது. சுவரும் கூரையும் சேரும் கோட்டில் குத்தகையாளர் ஒரு சிமெண்டுக் கரையை இழுத்துவிட்டுப் போய்விடுகிறார். ஆறு மாதத்தில் அது வெடிக்கிறது. மழை இந்த வீட்டுக்குள் வருகிறது. இரண்டு குடும்பங்களும் பேசிக்கொள்வதை நிறுத்திவிடுகின்றன. சிமெண்டை மட்டும் நம்பக் கூடாது. சுவரில் காடி வெட்டி உலோகப் பட்டையைச் செருகி, அது ஓட்டின் மேல் படியும்படி மடித்துவிட வேண்டும். அந்த வேலை சுவர் எழும்போதே முடிந்துவிட்டால் செலவு சொற்பம். பக்கத்து வீட்டில் மணலும் செங்கல்லும் இறங்கும் நாளிலேயே போய், கூரையும் சுவரும் சேரும் இடத்தை எப்படிச் செய்யப் போகிறீர்கள் என்று நல்லவிதமாகக் கேட்டுவிடுவதுதான் அயலாரோடு உறவு கெடாமல் இருக்க வழி. மாடி எடுப்பதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கிய வரைபடம் இருந்தால் பேச்சுக்கும் ஓர் ஆதாரம் கிடைக்கும்.

பின்பக்கச் சமையலறை நீட்டிப்பும் இதே கதைதான். ஓட்டுக் கூரையின் இறவாரத்துக்குக் கீழே தகரம் செருகி நீட்டுவார்கள். மேலிருந்து வரும் 4,000 லிட்டரில் பாதி அந்தச் சரிவு குறைந்த தகரத்தில் விழுகிறது. பழைய கூரையும் புதுக் கூரையும் சேருமிடத்தில் போதிய அளவு மேலேறி மடியாமல், இடைவெளியைச் சிலிக்கானால் அடைத்திருந்தால், வெயில் அதை இரண்டு மூன்று ஆண்டுகளில் தோலுரித்துவிடும்.

தகரக் கூரைக்கு வேறு வியாதிகள். பழைய லயத்துத் தகரத்தில் ஆணி அடித்தார்கள். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் தகரம் நாளடைவில் ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிவிடும். இப்போது திருகு போடுகிறார்கள், அடியில் ரப்பர் வாஷர். வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்தால் துளை திறந்துகொள்ளும். வளைதகரமானால் திருகை மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடும். துத்தநாகமும் அலுமினியமும் கலந்து பூசிய நவீனத் தகடு வெறும் துத்தநாகப் பூச்சைவிட நெடுங்காலம் நிற்கும். ஆனால் அதற்கும் ஒவ்வாமை உண்டு. செம்புக் குழாயிலிருந்து வடியும் நீரும் ஈயப் பட்டையும் அதை அரிக்கும். கூரையின் மேலேயே மின்வாளால் தகடு அறுத்தால், சிதறும் இரும்புப் பொடி ஒட்டிய இடமெல்லாம் சில வாரங்களில் துருப்புள்ளியாகும். கோலா சுங்கை பாருவிலிருந்து உம்பாய், செர்காம்வரை கடற்கரையை ஒட்டியுள்ள வீடுகளில் உப்புக்காற்று இதை இன்னும் விரைவாக்கும்.

ஒழுகல் எல்லாம் கூரை ஒழுகலும் அல்ல. மலேசிய வரிசை வீடுகளில் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் சீலிங்குக்கு மேலேயே இருக்கிறது. மிதவை வால்வு கெட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தாலும், குழாய் இணைப்பு கசிந்தாலும் அதே பழுப்பு வட்டம்தான் தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மழையே இல்லாத ஒரு வாரத்தில் வட்டம் ஈரமாக இருந்தால் தொட்டியையும் குளிர்சாதனக் குழாயையும் பார்க்க வேண்டும். மழைக்கு மறுநாள் மட்டும் ஈரமென்றால் கூரை. காற்றோடு சாய்ந்து பெய்யும் மழையில் மட்டும் ஒழுகினால் சுவரோரப் பட்டையையோ முகட்டையோ சந்தேகிக்க வேண்டும். வட்டத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. தண்ணீர் ஓட்டுக்கு அடியிலுள்ள அலுமினியத் தாளிலும் ரீப்பரிலும் வழிந்து பல அடி தள்ளிச் சொட்டக்கூடும். வட்டத்திலிருந்து மேட்டுப் பக்கமாகத் தேடிக்கொண்டு போக வேண்டும்.

பார்ப்பதற்குக் கூரை மேல் ஏற வேண்டியதில்லை. பாதி வேலை தெருவில் நின்றே முடியும். கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் நழுவிய ஓடு, வெடித்த முகடு, சுவர்ப் பள்ளத்தில் முளைத்த அரசங்கன்று எல்லாம் தெரியும். முகட்டுக் கோடு நேராக இருக்கிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பார்க்கலாம். தொய்வு தெரிந்தால் அது ஓட்டுப் பிரச்சினையல்ல, கூரையைத் தாங்கும் சட்டகத்தின் பிரச்சினை. கட்டுமானம் தெரிந்தவரை உடனே அழைக்க வேண்டும். சிமெண்டு ஓடு ஒவ்வொன்றும் 4 கிலோவுக்கு மேல். 80 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 800 ஓடுகள். மூன்று டன்னுக்கு மேற்பட்ட இந்தப் பாரத்தின் மேல் சூரிய வெந்நீர்த் தொட்டியையும் ஏற்றுகிறார்கள். 300 லிட்டர் தொட்டி நிறைந்தால் இன்னுமொரு 300 கிலோ, அதுவும் ஒரே இடத்தில்.

மீதிப் பாதி சீலிங்கின் ஆள்புகும் துளை வழியாக. நல்ல வெயில் நேரத்தில் தலையை உள்ளே விட்டு, டார்ச்சை அணைத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தால் ஓட்டைகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். அலுமினியத் தாள் விரித்த கூரையில் இது பலிக்காது; அங்கே தாளில் கறையும் கிழிசலும் பார்க்க வேண்டும். பிறகு டார்ச்சைப் போட்டு மரங்களைப் பார்ப்பது. மண்ணால் கட்டிய சுரங்கக் கோடு நிலத்துக் கரையான்; மணல்போலக் கொட்டிக் கிடக்கும் சிறு உருண்டைகள் உலர்மரக் கரையான். புதிய வீடுகளில் சட்டகம் இரும்பு என்பதால் கூரைக்குக் கரையான் வராது. ஆனால் அதே கரையான் கதவு நிலையைத் தின்னும் என்பது வேறு விஷயம். சீலிங் பலகை ஆள் பாரம் தாங்காது. கால் வைத்தால் ஆள் வரவேற்பறைக்கு வந்துசேர்வார். எலி கடித்த மின்கம்பியும் அங்கே இருக்கக்கூடும் என்பதால் ஏறும் முன் மெயின் சுவிட்சை அணைப்பது நல்லது.

இந்த இரண்டு பார்வையையும் எப்போது வைத்துக்கொள்வது? இடிமழை கூடும் ஏப்ரலுக்குச் சற்று முன்னும் அக்டோபருக்குச் சற்று முன்னும் என்று வைத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இரண்டாவது பார்வை தானாகவே அமைந்துவிடும். சீலிங் கறையின் மேல் வெள்ளையடித்து மறைப்பதற்கு முன்னால் அதன் மூலத்தைத் தேடினால் சரி.

தண்ணீர்ப் பீலி வைக்கலாமா கூடாதா என்பதில் கருத்து ஒன்றுபட்டதில்லை. பல தாமான்களில் பீலியே இல்லாமல், கூரைநீர் நேராக வீட்டைச் சுற்றியுள்ள சாக்கடையில் விழும்படி கட்டிவிடுகிறார்கள். அதற்கு நியாயமான காரணம் டிங்கி. இலை அடைத்த பீலியில் நிற்கும் தெளிந்த நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் சுகாதார அதிகாரிகள் அபராதமும் விதிப்பார்கள். மறுபக்கத்தில், 1991இல் டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றி மலாக்காவே குழாய்நீருக்குத் தவித்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 1998 வறட்சியை அடுத்து வீடமைப்பு அமைச்சே மழைநீர் சேகரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. பீலியில்லாமல் மழைநீர் சேகரிப்பு ஏது? மேலும், பீலியில்லாத இறவாரத்திலிருந்து விழும் நீர் சுவரின் அடிப்பகுதியில் தெறித்துச் சாயத்தை உரிக்கும். ஆண்டுக்கு நான்கு முறை சுத்தம் செய்ய ஆளும் மனமும் உள்ள வீட்டில் பீலி இருக்கலாம். மாமரம் கூரைக்கு மேல் கவிந்திருக்கும் வீட்டில், வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், பீலி இல்லாமல் சாக்கடையை அகலமாக வைத்துக்கொள்வதே மேல்.

ஆஸ்பெஸ்டாஸ் விஷயம் இதைவிடக் கனமானது. பழைய லயத்து வீடுகளை வாங்கி அப்படியே தங்கிவிட்டவர்களும், பழைய மலிவு விலை வீட்டை இப்போது வாங்குகிறவர்களும் இதை எதிர்கொள்வார்கள். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். மலேசியாவில் நீலவகை 1999ஆம் ஆண்டு ஆணையால் தடைசெய்யப்பட்டது. எல்லா வகைக்கும் தடை வேண்டும் என்று, தமிழில் ‘பயனீட்டாளர் குரல்’ இதழை நடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது.

அதற்காக நாளைக்கே ஏறி உடைத்துப்போடுவது இருப்பதிலேயே மோசமான வழி. சிமெண்டோடு இறுகிய தகடு முழுதாக இருக்கும்வரை நார் பெரிதாக வெளியே வராது. உடைத்தால், துளையிட்டால், அறுத்தால், தேய்த்தால், உயரழுத்தத் தண்ணீரால் கழுவினால் வரும். பாசி படிந்திருக்கிறதே என்று சுரண்டக் கூடாது. அதில் கால் வைக்கவும் கூடாது. வயதான தகடு சொல்லாமல் கொள்ளாமல் உடையும், ஆள் தரையில்தான் நிற்பார். விரிசலும் பொடியும் கண்டுவிட்டால் மாற்றவே வேண்டும். அப்போது நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி அகற்றத் தெரிந்தவர்களிடம் விட வேண்டும். கழற்றிய தகட்டைக் கோழிக்கூண்டுக்குப் போடுவது தோட்டப்புறத்துச் சிக்கனம். இந்த ஒரு விஷயத்தில் அந்தச் சிக்கனம் ஆகாது.

கூரை வேலைக்கு வருகிறவர்கள் பலவிதம். ஒரு பெருமழைக்கு மறுநாள் தாமானுக்குள் வேன் ஓட்டி வந்து, ‘கூரை முழுக்க வாட்டர்புரூப் அடித்தால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை’ என்று பேசுகிறவரை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் எல்லாத் தாமானிலும் உண்டு. நழுவிய ஓட்டை மேலேற்றாமல், துருப்பிடித்த பள்ளத் தகரத்தை மாற்றாமல் அதன் மேல் அடிக்கும் எந்தப் பூச்சும் சில மழைக்குத்தான் தாங்கும். உயரழுத்தத் தண்ணீரால் ஓட்டைப் பளபளக்கக் கழுவுவதும் அப்படியே. பாசியோடு ஓட்டின் மேல்தோலும் போகும், தண்ணீர் ஓட்டுக்கு அடியிலும் புகும். எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று படம் எடுத்துக் காட்டாமல் விலை சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம். வேலை முடிந்த பின்னும் படம் கேட்க வேண்டும். எழுத்தில் விலை, எந்தப் பொருள், எத்தனை காலப் பொறுப்பு என்பது வேண்டும். பணத்தில் ஒரு பங்கை அடுத்த பெருமழைவரை நிறுத்திவைக்க ஒப்புக்கொள்ளும் குத்தகையாளர் பெரும்பாலும் தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர். ஏமாற்றினால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளிவரை கோரலாம்; கையில் ரசீது இருக்க வேண்டும்.

சொந்தமாக ஏறித்தான் ஆக வேண்டும் என்பவருக்கு: ஈரமில்லாத நாள், ஏணியின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு தூரம் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது, மேல் நுனியைக் கட்டுவது, கீழே ஓர் ஆள். ஓட்டில் நடந்தால் ரீப்பர் தாங்கும் கீழ்ப்பாதியில் கால். தகரத்தில் நடந்தால் திருகு வரிசையின் மேல். ஆனால் ஓட்டுக் கூரையில் நடந்து பழகாதவர் ஒரு ஓட்டைச் சரிசெய்யப் போய் மூன்றை உடைத்துவிட்டு இறங்குவதே வழக்கம்.

வங்கிக் கடனோடு எடுக்கும் காப்புறுதி காற்றுக்கும் மழைக்கும் ஈடு தரும் என்று எண்ணுவதும் பரவலான தவறு. அடிப்படைத் தீக்காப்புறுதி தீ, இடி போன்றவற்றோடு நின்றுவிடும். புயல்காற்று வீட்டு உரிமையாளர் காப்புறுதியில்தான் வரும், அல்லது கூடுதல் சந்தாவில் சேர்க்க வேண்டும். அதிலும் நாட்பட்ட தேய்மானத்துக்கு இடமில்லை. கூரை பறந்த மறுநாள், பறக்கும் முன் அது எப்படி இருந்தது என்று காட்டும் பழைய புகைப்படங்கள் அப்போது கைகொடுக்கும்.

மலாக்கா நகரத்தின் மரபுடைமைப் பகுதியில் பழைய கடைவீட்டை வாங்குகிறவர் நிலைமை தனி. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தப் பகுதியில் களிமண் ஓட்டை எடுத்துவிட்டு நீலத் தகரம் போட முடியாது. ஓடு மாற்றும் முன் மாநகராண்மைக் கழகத்திடம் கேட்டே ஆக வேண்டும்.

அடுக்குமாடியில் மேல்தளம் வாங்கியவருக்குக் கூரை சொந்தமில்லை. அது எல்லாருக்கும் பொதுவான சொத்து. அதைப் பராமரிப்பது கூட்டு நிர்வாகக் குழுவின் வேலை, அதற்குத்தான் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம். சீலிங்கில் கசிவு கண்டால் குழுவுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிகளின்படி அவர்கள் 7 நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும், பார்த்து முடித்த 5 நாட்களுக்குள் 28ஆம் பாரத்தில் சான்றிதழ் தர வேண்டும். கட்டணம் கட்டாத வீடுகள் பாதிக்கு மேல் இருக்கும் மலிவு விலைத் தொகுதிகளில் குழுவிடம் பணமே இருக்காது, அங்கே மேல்தளத்துக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தாங்களே பூசிக்கொள்வதும் நடக்கிறது. அப்படிச் செய்வதற்கு முன்னால் அந்தந்த நகராண்மைக் கழகத்திலுள்ள கட்டட ஆணையரிடம் புகாரைப் பதிவு செய்து, செலவு ரசீதுகளையும் அதனுடன் கோத்து வைக்க வேண்டும்.